மொட்டையாக நிற்கும் உயிர்வேலி: பொறுப்பதா, இன்னும் வெட்டுவதா, பிடுங்குவதா?

எல்லையோரச் செடிவேலியை வருடக்கணக்கில் கண்டுகொள்ளாமல் விட்டு, ஒருநாள் ஆள் வைத்து ஒரே மூச்சில் வெட்டித் தள்ளியவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். நேற்றுவரை ஆள் உயரத்துக்கு மேல் பச்சையாக நின்றது இன்று இடுப்பளவு கட்டைகளாக நிற்கிறது. அடுத்த வீட்டுச் சன்னல் தெரிகிறது. இது திரும்பி வருமா, இன்னும் கீழே வெட்டணுமா, இல்லை பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாக நடணுமா?

என் வேலியில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். செம்பருத்தியும் மருதாணியும் கலந்த வரிசை. எட்டடியைத் தாண்டியதும் இடுப்பளவுக்கு வெட்டச் சொன்னேன். ஆறு வாரத்தில் துளிர்த்துவிட்டது, எனக்கு ஒரே சந்தோஷம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் விளக்குமாற்றைத் தலைகீழாக நட்டுவைத்த மாதிரி இருந்தது. வெட்டுவாய்க்குப் பக்கத்தில் கொத்துக் கொத்தாகக் கிளைகள், அதற்குக் கீழே வெறும் கட்டை. ஒரு நாய் குனியாமலே நுழைந்து போகலாம். உயரம் பழையபடி வந்துவிட்டது. வேலி மட்டும் வரவில்லை.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான். வேலியின் உயரத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உட்கார்ந்து, தரையிலிருந்து முதல் ஒரு அடியைப் பாருங்கள். மேலே உள்ள ஓட்டை தானாக அடையும், அடியில் உள்ளது அடையாது.

## எதை வைத்து முடிவெடுப்பது

செடி பழைய கட்டையில் துளிர்க்கும் இனமா? மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான். மருதாணி, செம்பருத்தி, துராந்தா, அரளி, காகிதப்பூ ஆகியவை தடித்த கட்டையிலிருந்தும் கிளைக்கும். மருதாணியை இலைக்காகப் பயிரிடுபவர்கள் அறுவடையின்போது தரையை ஒட்டியே அறுக்கிறார்கள், அது திரும்பத் திரும்பத் தழைக்கிறது. இட்லிப்பூவும் துளிர்க்கும், ஆனால் ஆமை வேகம். துஜா, சைப்ரஸ் போன்ற ஊசியிலை, செதிலிலை வகைகள் வேறு சாதி. பச்சை இலையே இல்லாத பழுப்புக் கட்டைவரை வெட்டிவிட்டால் பெரும்பாலும் அந்த இடம் அப்படியே நின்றுவிடும். அந்தக் கூட்டத்தில் யூ மரம் விதிவிலக்கு, அது வெறும் கட்டையிலும் துளிர்விடும். முதிர்ந்த சவுக்கையும் துளிர்க்கும் என்று நம்பி இறங்க வேண்டாம்.

உயிர் இருக்கிறதா? பட்டையைக் கட்டைவிரல் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே ஈரமாக, இளம்பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, காய்ந்து பொடிந்தால் அந்த இடம் செத்தது. ஆனால் கீழே செத்திருக்க வேண்டும் என்பதில்லை, ஒவ்வொரு சாணாக இறங்கிச் சுரண்டிப் பாருங்கள். சந்தேகமான கட்டைகளில் ஒரு வண்ண நூலைக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பயன்படும்.

மறைப்பு இல்லாமல் எத்தனை நாள் ஓட்ட முடியும்? இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும். "ரெண்டு வருஷம் பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு இரண்டாம் மாதமே தகரம் அடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பருவமும் தண்ணீரும். வளர்ச்சி பொங்கப்போகும் பருவத்துக்கு முன்னால் வெட்டிய செடி சீக்கிரம் எழும். கடும் வறட்சியிலோ, குளிர் இறங்கும் நேரத்திலோ வெட்டியிருந்தால் அது தூங்கத்தான் செய்யும், அதைச் சாவு என்று எண்ணிவிடக் கூடாது.

## துளிர் எங்கே வரும்

கிளையின் நுனிக்கொழுந்து ஆக்சின் என்ற வளரூக்கியைக் கீழ்நோக்கி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அது இறங்கும்வரை கீழே உள்ள மொட்டுகள் அடங்கிக் கிடக்கும். 1933-இல் கென்னத் திமானும் ஃபோல்கே ஸ்கூக்கும் அவரைக் குடும்பச் செடி ஒன்றின் நுனியைக் கிள்ளிவிட்டு, கிள்ளிய இடத்தில் ஆக்சினை வைத்துப் பார்த்தார்கள். நுனி இல்லாவிட்டாலும் பக்க மொட்டுகள் எழவில்லை. பட்டாணிச் செடியில் 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. நுனியை வெட்டியதும் அது தின்றுகொண்டிருந்த சர்க்கரை பக்க மொட்டுகளுக்குத் திரும்புகிறது, முதலில் அவற்றைத் தட்டி எழுப்புவதே அந்தச் சர்க்கரைதான்.

நமக்கு இதிலிருந்து இரண்டு செய்தி. வெட்டுவாய்க்குப் பக்கத்தில் உள்ள மொட்டுகள்தான் முதலில் விழிக்கும். அதாவது நீங்கள் வெட்டிய உயரம்தான் புதிய வேலி தொடங்கும் உயரம். இரண்டாவது, விழித்த மொட்டுக்குச் சாப்பாடு வேரிலும் கட்டையிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்துதான். ஏற்கெனவே நொந்து போன செடியைத் திரும்பத் திரும்ப வெட்டினால் அந்தக் கையிருப்பு தீர்ந்துவிடும்.

## வழி 1: வெட்டியதோடு விட்டுவிட்டுப் பராமரிப்பது

உட்கார்ந்து பார்க்கும்போது அடி ஒரு அடியில் பக்கக்கிளைகளோ இலைகளோ இருந்தால் இதுவே போதும். கத்தரியை உள்ளே வைத்துவிடுங்கள். வளரும் பருவத்தில் மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் பட்டையில் சின்னச் சின்னப் புடைப்புகள் தெரியும், கம்பளிப்பூச்சியின் தலை மாதிரி. அதுவரை செய்ய வேண்டியவை கொஞ்சம், செய்யக் கூடாதவை நிறைய.

முதல் தவறு தண்ணீர். பாவமாக நிற்கிறதே என்று தினமும் குடம் குடமாக ஊற்றுவார்கள். இலை இல்லாத செடி நீரை வெளியே விடுவது மிகக் குறைவு, உறிஞ்சுவதும் குறைவு. மண் எப்போதும் சதசதவென்று இருந்தால் வேர் அழுகும். காய்ச்சலும் பாய்ச்சலுமாகவே கொடுங்கள். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஆழமாகப் பாய்ச்சுங்கள். இலை விரிந்த பிறகு தேவை தானாகக் கூடும்.

இரண்டாவது தவறு உரம். வெட்டிய கையோடு யூரியா போட்டால் வெளிறிய, கொழகொழத்த தண்டுகள் வானத்தை நோக்கி ஓடும். செம்பருத்தியாக இருந்தால் மாவுப்பூச்சிக்கு விருந்து வைத்ததாக ஆகும். மட்கிய தொழு உரத்தைப் பரப்பி, அதன்மேல் இரண்டு, மூன்று அங்குலம் காய்ந்த இலை மூடாக்கு போடுங்கள். தண்டை ஒட்டி அல்ல, ஒரு கையகலம் தள்ளி. அது போதும்.

மூன்றாவது, வெட்டுவாயில் தார், பெயின்ட் பூசுவது. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்துச் சொன்னது, மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுற்றிலும் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது என்பதுதான். பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை. அரிவாள் பட்டுப் பட்டை கிழிந்து தொங்குகிறதா, அதைக் கூரான ரம்பத்தால் சுத்தமாக அறுத்துவிடுவது எந்தப் பூச்சையும்விட மேல்.

துளிர் ஒரு சாண் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். இதற்கு மனசு வராது, எனக்கும் வராது. ஆனால் ஒன்று இரண்டாக, இரண்டு நான்காக ஆவது இங்கேதான்.

*ஒளிந்திருக்கும் செலவு:* பொறுமை. அதோடு, இத்தனை நாள் நிழலில் இருந்த பட்டை திடீரென்று வெயிலில் நிற்பதால் வெயில் படும் பக்கம் வெந்து வெடிக்கலாம். கொளுத்தும் வெயில் காலமென்றால் நிழல்வலையைக் கொஞ்சம் தள்ளிக் கட்டி வையுங்கள். மறைப்புக்கு மறைப்பு, நிழலுக்கு நிழல். அவசரத்துக்கு வேலிமேலேயே கொடியை ஏற்றிவிடுவது மட்டும் வேண்டாம். கீழே எழும் துளிருக்கு அது வெளிச்சம் விடாது.

*இது யாருக்கு:* அடி பசுமையாக இருப்பவர்களுக்கு, வெட்டி ஆறு வாரம்கூட ஆகாதவர்களுக்கு, எந்த இனம் என்றே தெரியாதவர்களுக்கு.

## வழி 2: இன்னும் கீழே, அடிவரை வெட்டுவது

பாதி வெட்டிய வேலியை இன்னும் வெட்டு என்றால் யாரும் ஏற்க மாட்டார்கள். ஆனால் என் விளக்குமாறு வேலிக்குக் கடைசியில் மருந்து இதுதான். இடுப்பில் வெட்டினால் இடுப்பில் கிளைக்கும், அரையடியில் வெட்டினால் அரையடியில் கிளைக்கும். அடி அடர்த்தி வேண்டுமானால் வெட்டும் அடியில்தான் இருக்க வேண்டும்.

தரையிலிருந்து அரை அடி, முக்கால் அடி விட்டுக் கைரம்பத்தால் அறுங்கள். பெருவிரலைவிடத் தடித்த தண்டுக்குச் செடிக்கத்தரி வேண்டாம், நசுக்கிவிடும். வெட்டு லேசாகச் சாய்ந்திருக்கட்டும், தண்ணீர் தேங்காது. ஒரு கட்டையைச் சுற்றிப் பத்துப் பதினைந்து துளிர் வந்தால் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளாமல், நான்கு திசைக்கும் சாய்ந்து நிற்கும் ஐந்தாறை விட்டு மற்றதை முளையிலேயே தேய்த்துவிடுங்கள்.

இதை எல்லா வேலிக்கும் செய்ய முடியாது. துளிர்க்கும் இனம், அடிக்கட்டையில் பச்சை, எதிரே வளரும் பருவம், கடந்த ஒரு வருடமாவது செடிக்கு நல்ல தெம்பு. இந்த நான்கும் சேர வேண்டும். போன மாதம்தான் இடுப்பளவு வெட்டினீர்கள், இப்போதுதான் துளிர் வந்திருக்கிறது என்றால், கையிருப்பில் கணிசமான பங்கை அந்தத் துளிருக்கே செடி செலவழித்திருக்கும். அதை இப்போது வெட்டுவது, கடன் வாங்கிக் கடை வைத்தவனிடம் கல்லாவையும் பிடுங்கிக்கொள்வது மாதிரி. ஒரு முழு வளர்பருவம் இலையோடு விட்டு, சேமிப்பு ஏறிய பிறகு வெட்டுங்கள். நான் பதினோரு மாதம் காத்திருந்தேன்.

*ஒளிந்திருக்கும் செலவு:* கழிவு. முப்பதடி வேலியை அடிவரை வெட்டினால் வரும் கிளைக்குவியல், வேலி நின்றபோது இருந்ததைவிடப் பெரிதாகத் தெரியும். அதை எங்கே கொண்டுபோவது என்று முடிவு செய்த பிறகு ரம்பத்தை எடுங்கள். அரளியாக இருந்தால் கூடுதல் கவனம். அதன் எல்லாப் பாகமும் நஞ்சு, எரித்தால் புகையும் நஞ்சு. ஆடுமாடு வாய்வைக்கும் இடத்தில் போடவும் கூடாது. கள்ளிவகை கலந்திருந்தால் பால் கண்ணில் தெறிக்காமல் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வெட்டுவதற்கு முன் டார்ச் அடித்து உள்ளே பறவைக்கூடு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், குஞ்சுகள் பறக்கும்வரை தள்ளிப்போடுவதால் ஒன்றும் கெட்டுவிடாது.

*இது யாருக்கு:* தலையில் மட்டும் பச்சை, அடியில் குச்சி என்று ஆனவர்களுக்கு. ஒரு வருடம் திறந்தவெளியாக இருந்தாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு.

## வழி 3: தவணை முறையில் வெட்டுவது

மேலே சொன்னதையே இரண்டு மூன்று வருடத்தில் செய்வது. இதில் இரண்டு விதம் உண்டு. முதல் வருடம் உங்கள் பக்கத்தை மட்டும் நடுத்தண்டுவரை நெருக்கி வெட்டி, மறுபக்கத்தை அப்படியே விடுவது ஒன்று. அந்தப் பக்கத்து இலைகள் சோறு போடும், இந்தப் பக்கம் துளிர்க்கும். அடுத்த வருடம் அந்தப் பக்கம். முதிர்ந்த யூ வேலிகளைக் குறுக்கத் தோட்டக்காரர்கள் வழக்கமாகக் கையாளும் முறை இது. புதர்போலப் பல தண்டுகள் உள்ள செடிகளில், மிகத் தடித்த தண்டுகளில் மூன்றில் ஒன்றை அடியோடு எடுத்து, அடுத்த வருடம் அடுத்த மூன்றில் ஒன்று என்று போவது மற்றொன்று.

செடிக்கு இதுதான் பாதுகாப்பு, மறைப்பும் முழுதாகப் போகாது. பிறகு நான் ஏன் இதையே எல்லோருக்கும் சொல்வதில்லை? மனிதர்களால்தான். முதல் தவணை முடிந்ததும் வேலி பார்க்கச் சுமாராகிவிடும், இரண்டாம் தவணை மறந்துபோகும். நான்கு வருடம் கழித்து ஒரு பக்கம் மெத்தையாகவும் ஒரு பக்கம் காடாகவும் நிற்கும். பாதி முடிந்த வேலையைக் காட்டிலும் தொடங்காததே மேல் என்று தோன்றும்.

*ஒளிந்திருக்கும் செலவு:* கூலி, கழிவு, பக்கத்து வீட்டாரிடம் அனுமதி எல்லாம் இரண்டு மூன்று முறை. இரண்டாம் தவணை அவர்கள் பக்கம் என்பதை மறக்காதீர்கள். முதல் வருடமே சொல்லி வைப்பது நல்லது.

*இது யாருக்கு:* வயதான, நோஞ்சான வேலிக்கும், மெதுவாக வளரும் இட்லிப்பூ போன்றவற்றுக்கும், மறைப்பை விட்டுக்கொடுக்கவே முடியாதவர்களுக்கும்.

## வழி 4: ஓட்டையை மட்டும் அடைப்பது

பத்து செடியில் இரண்டு செத்துவிட்டால் அந்த இடத்தில் புதுக்கன்று நடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. பெரும்பாலும் அது தோற்கும். இருபுறமும் பழைய வேர்கள் மண்ணை அடைத்துக்கொண்டிருக்கும், மேலே நிழல். புதுக்கன்று பந்தியில் கடைசியாக வந்தவன் மாதிரி மீதிக்கு நிற்கும்.

இதைவிட நல்லது பதியன். பக்கத்துச் செடியின் தாழ்ந்த, வளையக்கூடிய கிளை ஒன்றை இடைவெளிப் பக்கம் தரைக்கு வளைத்து, தரையில் படும் இடத்தின் அடிப்பட்டையை லேசாகச் சீவி, மண்ணுக்குள் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்துவிடுங்கள். வேர் பிடிக்கும்வரை தாய்ச்செடி ஊட்டும், ஆகவே போட்டியில் அது தோற்காது. செம்பருத்திக்கு இது எளிதாக வரும். கன்றுதான் நட வேண்டுமென்றால், நடுவதற்கு முன் இருபக்கமும் மண்வெட்டியை ஆழமாக இறக்கிப் பழைய வேர்களை அறுத்துவிட்டு, புது மண் நிரப்பி நடுங்கள்.

## வழி 5: பிடுங்கிவிட்டுப் புதிதாக நடுவது

துஜாவையோ சைப்ரஸையோ பழுப்புக் கட்டைவரை வெட்டிவிட்டீர்களா? பாதிக்கு மேல் கட்டைகள் நகச் சோதனையில் தோற்றனவா? மேலே சொன்ன எதுவும் உங்களுக்கு உதவாது. சீக்கிரம் ஏற்றுக்கொண்டால் ஒரு வளர்பருவம் மிச்சம்.

இதில் ஒரு பெரிய லாபமும் உண்டு, பலரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. பழைய வேலி பெரும்பாலும் எல்லைக்கோட்டின் மேலேயே நடப்பட்டிருக்கும். அதனால்தான் பாதிக் கிளை அடுத்தவர் பக்கம், பாதித் தகராறும் அந்தப் பக்கம். புதிதாக நடும்போது இரண்டு, இரண்டரை அடி உள்ளே தள்ளி நட்டால், மறுபக்கத்தையும் நீங்களே உங்கள் மண்ணில் நின்று வெட்டலாம். செடிக்குச் செடி ஒன்றரை அடி, இரண்டடி. பெரிய செடியாக வாங்கி நட்டால் உடனே மறைப்பு கிடைக்கும் என்று ஆசைப்படுவோம், ஆனால் சின்னக் கன்று வேகமாக வேர்பிடித்துச் சில வருடத்தில் அதைப் பிடித்துவிடும். நட்டதும் முதல் வேலை நுனியைக் கிள்ளுவது. அடி அடர்த்தி அந்த முதல் கிள்ளலில்தான் இருக்கிறது.

*ஒளிந்திருக்கும் செலவு:* அடிக்கட்டையும் வேரும் தோண்டுவது, செடி வாங்குவதைவிடப் பெரிய வேலை. சுவரையோ குழாயையோ ஒட்டி வேர் ஓடியிருந்தால் இழுத்துப் பிடுங்கவும் முடியாது. முதல் வருடம் முழுக்கத் தண்ணீர்க் கடமை. வேலி அடர்ந்து மூட இரண்டு, மூன்று வருடம்.

## ஒரே பார்வையில்

| வழி | அடி ஒரு அடி எப்படி இருந்தால் | மறைப்பு இல்லாத காலம் | பெரிய ஆபத்து |
|---|---|---|---|
| பொறுத்துப் பராமரிப்பது | பச்சை இருக்கிறது | சில மாதம் | அதிகத் தண்ணீர், அவசர உரம் |
| அடிவரை வெட்டுவது | வெறும் கட்டை, உயிர் உண்டு | ஒரு வருடம் அல்லது கூட | நொந்த செடி செத்துப்போவது |
| தவணை முறை | வெறும் கட்டை, செடி பலவீனம் | ஏறக்குறைய இல்லை | இரண்டாம் தவணையை மறப்பது |
| ஓட்டை அடைப்பது | ஒன்றிரண்டு இடம் மட்டும் காலி | அந்த இடத்தில் மட்டும் | கன்று நிழலில் முடங்குவது |
| பிடுங்கி நடுவது | உயிரில்லை, அல்லது துளிர்க்காத இனம் | இரண்டு, மூன்று வருடம் | தோண்டும் வேலையைக் குறைத்து மதிப்பது |

எந்த வழியில் போனாலும் மீண்டு வரும் வேலியின் உருவம் ஒன்றுதான்: அடி அகலம், தலை குறுகல். செங்குத்தாக வெட்டினால்கூட வெயில் அதிகம் படும் தலை அகன்றுகொண்டே போய் அடியை நிழலில் தள்ளிவிடும், பிறகு பழைய கதைதான். அடியில் இரண்டரை அடி என்றால் தலையில் ஒன்றரை அடி என்று இருபக்கமும் கயிறு கட்டிக்கொண்டு வெட்டுங்கள். கண்ணளவில் வெட்டினால் கை எப்போதும் அடியைத்தான் அதிகமாக உள்ளே அறுக்கும். அறுத்த பிறகுதான் அது தெரியும்.

இன்னொன்று, முழு வேலிக்கும் ஒரே வழி என்று எந்தச் சட்டமும் இல்லை. என் வரிசையில் மருதாணிகளை அடிவரை வெட்டினேன், செம்பருத்திகளைத் தவணையில் எடுத்தேன், வாசல் பக்கம் பச்சை இருந்த பத்தடியைத் தொடவே இல்லை. நூல் கட்டிய ஆறு கட்டைகளில் நான்கு துளிர்த்தன. அதில் ஒன்று நான் கைவிட்டு, பிடுங்கக் கடப்பாரையைக் கொண்டுவந்த அன்று, மண்ணை ஒட்டிச் சிவந்த முளை ஒன்றைக் காட்டியது. மீதி இரண்டையும் தோண்டி எடுத்துவிட்டு, பக்கத்துச் செம்பருத்தியின் கிளையை அந்த இடத்துக்கு வளைத்துக் கல்லை ஏற்றினேன். கல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. இப்போது அதைப் பார்க்க வேண்டுமானால் இலைகளை விலக்க வேண்டும்.